கடிகாரம் அப்புறம் வாங்கலாம், முதலில் எடை மெஷின்

பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓடி முடித்துவிட்டு நிற்கிறவர்களிடம் ட்ரையத்லான் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு கடிகாரத்தில் வந்து நிற்கும். கார்மின் வாங்குவதா, கோரோஸ் வாங்குவதா, பவர் மீட்டர் இல்லாமல் சைக்கிள் ஓட்டலாமா, ட்ரெய்னிங்பீக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டலாமா? என்னிடமும் இதையேதான் கேட்கிறார்கள். கோச் வைத்துக்கொள்ள வசதியோ மனசோ இல்லாமல் தானாகவே பயிற்சி செய்கிறவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாமே என்றுதான் இந்த நீளமான பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகப் பயிற்சி செய்கிறவருக்குக் கருவிக்குப் பஞ்சமில்லை. ஆப், வீடியோ, அட்டவணை எல்லாம் கொட்டிக் கிடக்கிறது, பாதி இலவசமாகவே. ஆனால் ஏறக்குறைய எல்லாமே குளிர்ந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்காகச் செய்துகொண்டவை. அவற்றைச் சென்னைக்குத் திருத்திச் சொல்லத்தான் ஆள் இல்லை. கோச் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தால், "இன்னிக்குப் புழுக்கம் ஜாஸ்திப்பா, மெதுவா ஓடு" என்பார். கடிகாரம் "உங்கள் திறன் குறைந்துவிட்டது" என்று காட்டி மனசை நோகடிக்கும். மே மாதத்தில் அது காட்டுவதை நம்பினால் ஊரில் ஒருவருக்கும் ஓட வராது என்றுதான் முடிவு கட்ட வேண்டியிருக்கும்.

நான் கோச்சும் இல்லை, டாக்டரும் இல்லை. மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, விடியற்காலையில் மட்டும் இந்த வேலை பார்க்கிற ஆள். அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து, இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். எந்தச் சந்தாவுக்கும் முந்திய செலவு அது.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக. ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து. ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். ஸ்பிரின்ட் அதில் பாதி. முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2, அதில் பாதிதான் 70.3, அதாவது 70.3 மைல். 1978 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஜெயித்தவர் கார்டன் ஹாலர் என்ற டாக்ஸி டிரைவர். ஒலிம்பிக்ஸுக்குள் இந்த விளையாட்டு வந்தது 2000இல், சிட்னியில். நம்மவர்களில் பெரும்பாலானோருக்குக் குறி கோவா 70.3. 2019 அக்டோபரில் மிராமர் கடற்கரையில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2010களின் தொடக்கத்திலிருந்து, சென்னை ட்ரெக்கிங் கிளப் நம் ஊரிலேயே தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு ட்ரையத்லான் நடத்தியிருக்கிறது. பெல்ஜியத்துக்காரர் பீட்டர் வான் கெயிட் 2008இல் தொடங்கிய கிளப் அது. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கொஞ்சம் வயதான ட்ரையத்லீட் ஒருவரைப் பிடித்துக் கேட்டால், பேச்சு அந்தக் கிளப்பைத் தொடாமல் போகாது.

இனி எடை மெஷின்.

ஓடக் கிளம்புவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஈரத்துணியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 70 கிலோ 68.9 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, மணிக்கு 1.6 லிட்டர் வியர்க்கிறது உங்களுக்கு. இதை டிசம்பரில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, சைக்கிளில் தனியாக ஒரு தடவை பார்த்து எழுதி வையுங்கள். ஒருவருக்கு ஒருவர் இந்தக் கணக்கு இரண்டு மடங்கு கூட வேறுபடும். அதனால் பக்கத்தில் ஓடுகிறவர் எவ்வளவு குடிக்கிறார் என்று பார்த்துக் குடிப்பதில் அர்த்தமே இல்லை.

உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைய விடாதே என்பது பழைய விதி. 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோ. மணிக்கு 1.6 லிட்டர் வியர்க்கிறவருக்கு அதை அப்படியே ஈடுகட்டுவது முடியாத காரியம். வயிறு அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளாது, குலுங்கும், குமட்டும். அதனால் கணக்கு எங்கே போய் முடிகிறது என்றால், வேகத்தைக் குறைப்பதில்தான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது சொட்டித் தரையில் விழுகிறதே தவிர ஆவியாவதில்லை. இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால்தான் அதே வேகத்துக்கு மே மாதத்தில் இதயத்துடிப்பு எகிறுகிறது. இரண்டு வாரம் விடாமல் வெயில் நேரத்தில் நிதானமாகப் பயிற்சி செய்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். பழகினாலும் டிசம்பர் வேகம் வராது, வரவும் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓடிவிட்டு வந்து பார்த்தால் எடை கூடியிருக்கிறது என்றால் அதுதான் அபாயம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். இத்தனைக்கும் பாஸ்டன் குளிர்ந்த ஊர். உப்பு கரைய வியர்க்கிற நம் ஊரில் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அரைகுறை அறிவுரை.

உப்புக்கு என்ன செய்வது? வெளிநாட்டு மாத்திரையும் பொடியும் வாங்கிக் குவிக்கிறவர்களைப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். சூத்திரத்தைப் பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதில் சோடியம் மட்டும் ஏறத்தாழ 1.7 கிராம். விலை கூடிய ஸ்போர்ட்ஸ் பானம் பலவற்றில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நான் ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கரைத்து, சர்க்கரையோ வெல்லமோ கூடச் சேர்த்துக்கொள்கிறேன். வாங்கும்போது பாக்கெட்டில் இந்தச் சூத்திரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விற்ற காலம் ஒன்று இருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதற்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தாறுமாறாகப் பயன்படுத்தத் தடை போட்டது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறவர்கள் இந்த உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு அது அமிர்தம். எனக்கும்தான். ஆனால் அதில் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்து இளநீர் குடிப்பது சந்தோஷம், ஓட்டத்துக்கு நடுவில் அதையே நம்பியிருப்பது கணக்கில் வராது. மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கம்தான் புத்திசாலித்தனம்.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். நீண்ட தூரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பழகியவர்கள் 90 வரை போவார்கள். ஒரு நல்ல வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் சைக்கிளில் போகும்போது அருமை. ஓடும்போது மென்று கொண்டிருக்க முடியாது. ஜெல் பாக்கெட் போட்டி நாளுக்கும், அதற்கு முந்திய இரண்டு மூன்று ஒத்திகைக்கும் போதும்.

நீச்சலுக்கு வருவோம். சென்னையில் தானாகவே பயிற்சி செய்கிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். ஓட்டத்தில் வேகம் போதாவிட்டால் நேரம் கூடும், அவ்வளவுதான். நீச்சலில் முறை தப்பினால் எத்தனை வருடம் நீந்தினாலும் அதே வேகம். வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் இருக்கிறது. மெரினாவில் மாநகராட்சிக் குளம் 100 மீட்டர் நீளம்; ஆழம் குறைவு, கும்பல் அதிகம், கோடு பார்த்து நேராக நீந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வளாகத்திலும் குளம் உண்டு. ஹாரி பக் 1920இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்பார்கள். தி.நகர்க்காரர்களுக்கு நடந்து போகிற தூரம். எங்கே போனாலும் பேட்ச் முறைதான்: ஒரு மணி நேரம், விசில் ஊதினால் வெளியே.

அடுக்குமாடிக் குடியிருப்புக் குளத்தை ஏளனம் செய்யாதீர்கள். 15 மீட்டரோ 20 மீட்டரோ இருந்தாலும் முறையைச் சரிசெய்துகொள்ள அது போதும். முதலில் டேப் வைத்து நீளத்தை அளந்து, கடிகாரத்தில் அந்த அளவைப் பதிந்துகொள்ளுங்கள். 20 மீட்டர் குளத்தில் 25 என்று வைத்து நீந்திவிட்டு, ஸ்ட்ராவா ஆப்பில் பெருமையடித்துக்கொள்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சுவரைத் தள்ளுகிற தடவை கூடக்கூட நேரமும் அழகாகத் தெரியும். கடலில் சுவர் கிடையாது.

நீச்சலுக்கு நான் நம்புகிற ஒரே எண் சி.எஸ்.எஸ். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முழு முயற்சியில் நீந்துங்கள், ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால், 100 மீட்டருக்கு உங்கள் தாக்குப்பிடிக்கும் வேகம். 400க்கு 10 நிமிடம், 200க்கு 4 நிமிடம் 40 விநாடி என்றால் வித்தியாசம் 320 விநாடி. ஆக 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 விநாடி. கோவாவில் 1.9 கி.மீ. நீச்சலுக்கு 70 நிமிடம் கெடு. அதை வகுத்தால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி வருகிறது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் கடலில் யாரும் நேர்கோட்டில் நீந்துவதில்லை. அலை, மோதுகிற கைகள், உப்புத் தண்ணீர், பயம் எல்லாம் சேரும். குளத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 15 விநாடி வேகத்தில் நிற்காமல் 2 கி.மீ. போக முடியாதவர் பதிவுக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

முறைக்கு வீடியோ உண்டு. டெர்ரி லாஃப்லினின் டோட்டல் இம்மர்ஷன், ஆஸ்திரேலியாவின் ஸ்விம் ஸ்மூத் இரண்டும் நல்லவை. இரண்டும் சில இடங்களில் ஒன்றையொன்று மறுக்கும், அதனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் நம் உடம்பு தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. கரையிலிருந்து ஒருவர் போனில் அரை நிமிடம் எடுத்துக் காட்டினால் போதும். பல குளங்களில் போன் கூடாது என்பார்கள், அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட எளிய வழி, குளத்தில் விசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்தான். என்னைப் பார்த்த அப்படி ஒருவர், "சார், கை நல்லா வேலை செய்யுது. காலுதான் தூங்குது, எழுப்புங்க" என்றார். ஒரு முழு புத்தகம் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அவருக்கு மாதம் கொஞ்சம் கொடுத்து வாரம் ஒருநாள் பார்க்கச் சொன்னால், அதைவிட நல்ல கருவி கிடையாது. தானாகப் பயிற்சி செய்வது என்ற வைராக்கியத்தை ஓட்டத்திலும் சைக்கிளிலும் காட்டுங்கள். நீச்சலுக்கு ஆசான் வேண்டும்.

வெட்சூட் வாங்க வேண்டாம். யூடியூபில் எல்லோரும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அயர்ன்மேன் போட்டிகளில் வெட்சூட் போட்டவருக்குப் பரிசுக் கணக்கில் இடமில்லை, 28.8க்கு மேல் போடவே கூடாது. நம் வங்கக்கடல் வெந்நீர்.

கடல் பயிற்சிதான் சிக்கல். மெரினாவிலும் எலியட்ஸிலும் போலீஸ் இறங்க விடுவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. எலியட்ஸ் கடற்கரையில் நாம் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிற அந்த வெள்ளை வளைவு, 1930 டிசம்பரில் நீரில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். இழுவை நீரோட்டம் இருக்கிற கடல் இது. நீலாங்கரை, கோவளம் பக்கம் அனுபவமுள்ள குழுக்களோடு மட்டும் இறங்குங்கள். இடுப்பில் கட்டுகிற ஆரஞ்சு மிதவை இல்லாமல் போகாதீர்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், நீரோட்டம், கடல் சீற்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. மீனவர்களுக்காகத் தொடங்கியது, நமக்கும் பயன்படும். ஆனால் திரையில் பச்சை தெரிகிறதே என்று இறங்காமல், கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வடக்கேயிருந்து வருகிற வன்னி ஓடுகிறதா, தெற்கேயிருந்து வருகிற தெண்டி ஓடுகிறதா என்பதை ஊரூர் குப்பத்து மீனவர் கடலைப் பார்த்தே சொல்வார். "இன்னிக்கு வேணாம் தம்பி" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நம் ஊரில் வளர்ந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், ஒரே வருடத்தில் ஆறு நீர்ச்சந்திகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தான். அந்தப் பையனோடுகூடத் துணைக்குப் படகு போனது.

சைக்கிள் என்றால் இ.சி.ஆர். திருவான்மியூரில் தொடங்கி, முட்டுக்காடு தாண்டி, மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் கோவாவின் 90 கி.மீ. ஏறக்குறைய வந்துவிடும். மேடு கிடையாது, காற்றுதான் நமக்கு மலை. இ.சி.ஆர். வடக்கு தெற்காகப் போகிற சாலை என்பதால் விண்டி ஆப்பில் முந்தின இரவு திசையைப் பார்த்துவிட்டுத் தூங்குவது என் வழக்கம். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்று. போகும்போது யாரோ முதுகைத் தள்ளுவதுபோல் மகாபலிபுரம் போய்ச் சேர்ந்துவிடுவோம். திரும்பும்போது தெரியும் சேதி. வெயில் ஏறிக்கொண்டிருக்கும், காற்று முகத்தில் அடிக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும். அந்த மாதங்களில் சராசரி வேகம் என்ற எண்ணைப் பார்ப்பதே வீண். இதயத்துடிப்பையோ, பவர் மீட்டர் இருந்தால் வாட்ஸையோ பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மூச்சைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் பிரதீப் ஜானின் தமிழ்நாடு வெதர்மேன் பக்கத்தைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

சைக்கிள் விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதற்கு முடிவே கிடையாது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர் இது. சாதாரண ரோடு பைக்கில் கோவாவை முடித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சில நூறு ரூபாய்க்குள் அடங்குகிற சாமான்கள் சில உண்டு, அவற்றில் கஞ்சத்தனம் கூடாது. முதலாவது வால்வு அடாப்டர். ரோடு பைக் டியூபின் மெல்லிய வால்வுக்கு நம் ஊர்ப் பஞ்சர் கடைக் காற்று பொருந்தாது. இந்தக் குட்டிப் பித்தளை மூடியைத் திருகிவிட்டால் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம். கோவளத்துக்கு அப்பால் பஞ்சராகி நிற்கும்போது அதன் அருமை தெரியும். அடுத்து, பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரிய வேண்டும். கூடவே இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, கைப் பம்ப். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இ.சி.ஆரில் விடிகாலை நாலரை மணிக்கு வருகிற கார்களில் பாதி, முந்தின இரவைப் புதுச்சேரியில் முடித்துக்கொண்டு வருகிறவை. ஆகவே தனியாகப் போகாதீர்கள். டபிள்யூ.சி.சி.ஜி. போன்ற சைக்கிள் குழுக்களோடு போங்கள். நீண்ட தூரத்துக்கு மனசைப் பழக்க மெட்ராஸ் ரான்டனர்ஸ் நடத்துகிற பிரெவே நல்ல பள்ளிக்கூடம்: 200 கி.மீ., பதின்மூன்றரை மணி நேரம், பந்தயமில்லை. அதை ஒருமுறை முடித்துவிட்டால் 90 கி.மீ. பயமுறுத்தாது.

வீட்டுக்குள் ட்ரெய்னரில் சைக்கிளை மாட்டி ஸ்விஃப்ட் ஆப்பில் ஓட்டுகிறவர்களே, முதலில் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். காற்றில்லாத அறையில் எடுத்த எஃப்.டி.பி. எண், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வாட்ஸ், உங்கள் எண் இல்லை, உங்கள் அறையின் எண். கீழ்வீட்டு மாமிக்குக் காலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் மாவுமில் ஓடுவதுபோல் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கனமான ரப்பர் பாயும் அதிரசமும் கொஞ்சம் உதவும்.

ஓட்டத்துக்குக் கருவி ஏதும் தேவையில்லை என்றே சொல்லலாம். காந்தி சிலைப் பக்கம் மெரினா நடைபாதையும் எலியட்ஸும் போதும். மேடு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பாலத்தில் ஏறி இறங்கினால் அதுதான் நம் மலை. மெதுவான ஓட்டம் உண்மையிலேயே மெதுவாக இருக்கிறதா என்று பார்க்கப் பேசிப் பார்ப்பதுதான் சோதனை. மார்கழியில் மாட வீதியில் பஜனை கோஷ்டிக்கு ஒதுங்கி ஓடும்போது, அவர்கள் பாடும் திருப்பாவையைக் கூடவே சொல்ல முடிந்தால் வேகம் சரி. 220லிருந்து வயதைக் கழிக்கிற சூத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு அப்படியும் இப்படியும் போகும். தெருநாய்களுக்கு மட்டும் எனக்கு மருந்து தெரியவில்லை. ஓடாமல் நடந்து தாண்டுகிறேன்.

கணக்கு வைக்க ஒரே ஒரு இடம் போதும். நான் பயன்படுத்துவது இன்டர்வல்ஸ் டாட் ஐசியு. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டேவிட் டிங்கர் என்ற நிரலாளர் உருவாக்கியது. இலவசம், பிடித்திருந்தால் பணம் கட்டலாம். கடந்த 42 நாள் உழைப்பின் சராசரியை உடல்தகுதி என்றும், கடந்த 7 நாள் சராசரியைக் களைப்பு என்றும் வைத்து இரண்டு கோடு வரையும். களைப்புக் கோடு தகுதிக் கோட்டை வெகுதூரம் தாண்டினால் ஓய்வு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் சாரம். காசு கட்டுகிற ட்ரெய்னிங்பீக்ஸிலும் அடிப்படை இதுவேதான். கடிகாரமே இல்லாதவர்களுக்கு கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் வழி இருக்கிறது: பயிற்சி எத்தனை நிமிடம், பத்துக்கு எவ்வளவு கஷ்டம், இரண்டையும் பெருக்கு. 60 நிமிடம், ஆறு மார்க் கஷ்டம் என்றால் 360. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாரக் கடைசியில் கூட்டுங்கள். நம் ஊருக்கு இது இன்னும் பொருத்தம் என்பேன். ஏனென்றால் புழுக்கம் கொடுத்த கஷ்டமும் அந்த மார்க்கில் தானாகவே சேர்ந்துவிடுகிறது, வாட்ஸில் சேராது.

ஸ்ட்ராவா நட்புக்கு நல்லது, பயிற்சிக்குக் கெடுதல். மெதுவாகப் போக வேண்டிய நாளில் செக்மென்ட்டில் யாரோ முந்திவிட்டார் என்று கால் துடிக்கும். வீட்டு வாசலை மறைக்கிற வசதியை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள், பெண்கள் கட்டாயமாக. 2018இல் அதன் ஹீட்மேப் ராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது, நம் வீடு எம்மாத்திரம். அட்டவணையைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறவர்களும் இப்போது அதிகம். கேட்கலாம், அழகாகவே கொடுக்கும். ஆனால் பெண்ணுக்குப் பப்ளிக் பரீட்சை, ஆபீஸில் ஆடிட், பக்கத்துத் தெருவில் மழைத்தண்ணீர் என்பதெல்லாம் நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

புத்தகம் என்றால் இரண்டு. ஜோ ஃப்ரீலின் 'தி ட்ரையத்லீட்ஸ் ட்ரெய்னிங் பைபிள்', வருடத்தை எப்படிப் பகுப்பது என்று கற்றுக்கொள்ள. மாட் ஃபிட்ஜெரால்டும் டேவிட் வார்டனும் 2018இல் எழுதிய '80/20 ட்ரையத்லான்', எளிதான நாளை எளிதாக வைத்துக்கொள்ள. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் செய்லரின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இந்த எண்பதுக்கு இருபது. ஃப்ரீலின் வருடம் குளிர்காலத்தில் அடித்தளம் போட்டுக் கோடையில் பந்தயத்துக்குப் போகும். நமக்கு அது தலைகீழ். கோவா பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ வருவதால், கடும் உழைப்பு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை விழுகிறது. அதனால் வேகப் பயிற்சியை மார்கழி, தையில் செய்து, ஜனவரி சென்னை மாரத்தானில் சோதித்துக்கொண்டு, கோடையில் நீச்சலையும் தூரத்தையும் கூட்டுங்கள் என்பேன். புத்தகத்தில் இப்படி இருக்காது.

கடைசியாக மனிதர்கள். சென்னை ரன்னர்ஸ் குழு 2006லிருந்து இருக்கிறது, பேட்டைக்குப் பேட்டை அதற்குக் கிளை உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். முழங்கால் பிரச்சினை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கூகுளை மூடிவிட்டு, விளையாட்டு மருத்துவம் படித்தவரிடம் போங்கள். போரூர் ராமச்சந்திராவில் அதற்கென்றே தனி மையம் இருக்கிறது.

பதிவுக் கட்டணம் திரும்பி வராது, விமான டிக்கெட், சைக்கிளைப் பெட்டி கட்டும் செலவு எல்லாம் தனி. ஆகவே இந்த வருடம் கோவா என்று தீர்மானித்திருக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வாரமே பக்கத்துக் குளத்துக்குப் போய் நிற்காமல் 400 மீட்டர் நீந்திப் பாருங்கள். முடியவில்லையா, அந்தப் பணத்தில் ஆறு மாதம் நீச்சல் கற்றுக்கொண்டு அடுத்த வருடம் போங்கள்.